'415 வோல்ட்தானே' என்ற அலட்சியம்

ஆலைகளில் மின்பலகைப் பராமரிப்பு பார்க்கும் என் காதில் அடிக்கடி விழுவது, "415 வோல்ட்தானே சார், என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வி. ஆகும். மின்மாற்றிக்கு அடுத்த பிரதானப் பலகையில், பஸ்பார்களுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும். எழும் மின்வில் உருகிய செம்பை முகத்தில் அடிக்கும்.

மின்வில் கக்கும் வெப்பத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். அதற்கான ஐஇஇஇ 1584 வழிகாட்டி 2002இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி விழுந்தாலே கொப்புளம் கிளம்பும் தீக்காயம்.

மின்னோட்டம் அதிகமானால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் குறைவான மின்னோட்டமும் ஆபத்துதான். மின்வில்லில் ஓடுவது முழுக் குறுஞ்சுற்று மின்னோட்டத்தைவிடக் குறைவு. குறைந்த மின்னழுத்தத்தில் சில சமயம் பாதிதான் இருக்கும். அது பிரேக்கரின் உடனடி ட்ரிப் அளவை எட்டாவிட்டால், 0.05 நொடியில் அறுபட வேண்டியது 0.3 நொடி நீடிக்கும். நேரம் ஆறு மடங்கானால் வெப்பமும் ஆறு மடங்கு. அதனால்தான் அந்த வழிகாட்டி, மின்னோட்டத்தைச் சற்றுக் குறைத்து வைத்தும் இன்னொரு முறை கணக்குப் போடச் சொல்கிறது.

நான் பார்த்த பல ஏசிபி பிரேக்கர்களில் ட்ரிப் குமிழ்கள் நிறுவிய நாளில் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. உற்பத்தி தடைபடுகிறதென்று உச்சத்துக்குத் திருப்பிவைப்பவர்களும் உண்டு. இது தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது.

ஆலை நிர்வாகிகளே, கணக்கைப் போட்டு, வரும் எண்ணைப் பலகைக் கதவில் ஒட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கதவைத் திறக்க விடுங்கள்.