விதவைக்குக் கஞ்சி, பங்காளிக்கு நிலமா?

கணவனோடு சேர்ந்து நாற்று நட்டாள், களை பறித்தாள். அவன் கண்மூடியதும் நிலம் யாருக்கு? கூட்டுக் குடும்பமானால் பங்காளிகளுக்கு என்றது பழைய இந்துச் சட்டம். அவளுக்கு ஜீவனாம்சம் மட்டும்!

1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கும் பங்கு தந்தது, அதுவும் ஆயுள்வரைதான். விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் பெடரல் கோர்ட் கைவிரித்தது. சென்னை மாகாணத்தில் நிலத்துக்கும் அது வந்தது 1947-இல். ஆயுள் அனுபோகத்தை முழு உரிமையாக்கியது 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம்.

ஆயினும், 'ஆயுள்வரை அனுபவிக்க மட்டும்' என்று கணவன் உயில் எழுதினால் அந்த விலங்குக்குச் சட்டம் இன்றும் இடம் விடுகிறது. உழைக்கும் தோழர்களே! உயில் எழுதினால், அரைக் காணியானாலும் மனைவிக்கு முழு உரிமையோடு எழுதுங்கள் என்கிறோம். உழைத்தவளுக்கு அது பிச்சையல்ல, பாத்தியதை!