கழுவச் சொன்னார்கள், அடிக்கச் சொல்லவில்லை

"நஜீஸான நாய்க்கு எதற்கு வைத்தியம்?" என்று பாலவனத்தம் பக்கத்து ஆட்டுக் கிடைகளில் நம்மவர்களே கேட்கின்றனர். இக்கேள்வி மார்க்க அறிவிலிருந்து பிறந்ததன்று, சோம்பலிலிருந்து பிறந்தது.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் நாய் வைத்துக்கொள்ள அவர்களே அனுமதித்தார்கள். வேட்டைப் பிராணிகளைப் பழக்கும் அறிவு அல்லாஹ் கற்றுத் தந்தது என்று அல்குர்ஆன் (5:4) உணர்த்துகிறது. அந்த அறிவில் தடிக்கு என்ன வேலை?

நம் தென்சீமையின் சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனம். ஓட்டத்தில் புயல்; அதட்டினாலோ ஒடுங்கிவிடும். அதனை ஊசி போடும் நாளில் மட்டும் கயிற்றால் இழுத்துச் சென்றால், கடிக்காமல் என்ன செய்யும்?

குட்டியிலிருந்தே காதையும் வாயையும் பாதத்தையும் தொட்டு, தொட்டவுடன் ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். வாய்க்கூட்டினுள் தீனி வைத்துப் பழக்குங்கள். ஊசியின்றியே இரண்டு மூன்று முறை கால்நடை மருந்தகம் வரை அழைத்துச் சென்று திரும்புங்கள். எச்சில் பட்டால் கழுவிக்கொள்ளலாம். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரும் பிழைப்பதரிது. தடுப்பூசியே காவல்.

தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் முகந்து கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை மேடையில் உருக்கமாகச் சொல்கிறோம். கிடையில் நாம் கட்டிப்போட்ட நாயைப் பற்றி மறுமையில் கேட்கப்பட்டால், என்ன சொல்வோம்?