காடி வாங்கும் முன்...

"எவ்வளவு வேகம் ஓடும்?" செராஸில் வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகள் காடி பார்க்கப் போனால் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பெற்றோர்களே, நெடுஞ்சாலையிலேயே மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டச் சட்டம் இடந்தராது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் காடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. நமக்கு வேண்டியது, ஐந்து பேருடன் மேடேறும்போதும் லாரியை முந்தும்போதும் திணறாத காடி. மைவி போன்ற 1.5 லிட்டர் காடியே அதற்குப் போதும். குடும்பத்தையே ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் பாட்டிக்கும் பெல்ட் சரியாக இருக்கிறதா? 2009 முதல் அதுவும் கட்டாயம்.

சொந்தச் சலூன் காடி 1,500 சிசி என்றால் ஆண்டு ரோட் டேக்ஸ் 90 வெள்ளி. 2,000 சிசிக்கு ஏறத்தாழ 380. மிஞ்சும் 290 வெள்ளி, பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்காவது உதவுமே!