அறிவுக்கும் சுங்கச்சாவடியா?

மாகுல் பகுதியின் காற்றை மாசுபடுத்தியதற்காக நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மாகுல், செம்பூர், தாராவி, வடாலா பகுதிகளின் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வடாலா, மாட்டுங்கா கல்லூரிகளில் வேதியியல் பயில்கின்றனர். தாங்கள் சுவாசிக்கும் காற்றில் கலந்திருப்பது எது, அதை அளப்பது எப்படி என்று விளக்கும் ஆய்விதழ்களோ கட்டணச் சுவருக்குள் இருக்கின்றன.

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இணையவழியில் கிடைக்கும், 1.8 கோடிப் பேர் பயனடைவர் என்றது அரசு. பொதுப்பணத்தால் பொதுமக்களுக்கு அறிவு கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுமே இதற்குத் தகுதியுடையவை. நாட்டின் கல்லூரி மாணவர்களில் பெரும்பான்மையோர் பயில்வது தனியார் நிர்வாகக் கல்லூரிகளில். உயர்கல்வியிலிருந்து அரசு பின்வாங்கியதன் விளைவு இது. அதற்கான தண்டனை மாணவர் தலையிலா?

தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் ஆய்வையும் சேர்த்திருக்கிறது. ஆய்விதழ் இல்லாமல் ஆய்வு எங்ஙனம் நடக்கும்?

ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் நிதி தருவது மக்களின் வரிப்பணம். கட்டுரை எழுதும் அறிவியலாளருக்கோ, அதைச் சீர்தூக்கும் சக அறிவியலாளருக்கோ பதிப்பகங்கள் பொதுவாக ஊதியம் தருவதில்லை. இலாபம் மட்டும் பதிப்பகங்களுக்கு. எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 'சை-ஹப்' தளத்தை முடக்குமாறு 2025 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தப் பக்கவாசலும் அடைபட்டது. நேர்வாசலோ இன்னும் திறக்கப்படவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சி.வி.இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், தனது வேதியியல் ஆய்விதழின் கட்டுரைகளைத் தன் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் 'சயெலோ' என்னும் பொதுத் தளத்தைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகின்றன.

எனவே, நிர்வாகம் எவருடையதாயினும் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் இத்திட்டம் உடனடியாக விரிவாக்கப்பட வேண்டும். பொது நூலகங்களும் இதில் சேர்க்கப்பட வேண்டும். பொதுநிதியில் நடக்கும் ஆய்வுகள் அனைத்தும் திறந்த களஞ்சியங்களில் வெளியிடப்படுவது சட்டமாக்கப்பட வேண்டும். இல்லையேல் 2027-இல் சந்தாக் காலம் முடியும்போது, அதே பதிப்பகங்களின் வாசலில் அரசு மீண்டும் பணப்பையுடன் நிற்க நேரும். இக்கோரிக்கைகளை மாணவர் இயக்கமும் ஆசிரியர் இயக்கமும் ஒன்றிணைந்து முன்னெடுக்க வேண்டிய தருணம் இது.