லட்சக்கணக்கில் விலை, பாதுகாப்பில் கோளாறு: சொகுசு கார் ஓனர்கள் எங்கே போகலாம்? 15 ஆண்டு வழக்கு சொல்லும் பாடம்

சொகுசு கார் வாங்குபவர்கள் அதன் அழகுக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லாம் சரியாக வேலை செய்யும், குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கார் நடுரோட்டில் நின்றுவிட்டாலோ, விபத்து நேரத்தில் ஏர்பேக் திறக்காமல் போனாலோ யாரைக் கேட்பது? "கம்பெனிகிட்ட பேசுங்க" என்று ஷோரூம் சொல்லும். "டீலரைப் பாருங்க" என்று கம்பெனி சொல்லும். நடுவில் மாட்டிக்கொள்வது ஓனர்தான்.

2024 ஜூலை 9, 10 என அடுத்தடுத்த இரண்டு நாட்களில், சொகுசு கார் ஓனர்கள் தொடர்ந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்புகளைக் கொடுத்தது. ஒன்றில் பிஎம்டபிள்யூ, மற்றவற்றில் மெர்சிடிஸ் பென்ஸ். திண்டுக்கல் மாதிரியான ஊர்களில் கார் வாங்குபவர்களுக்கும் இந்தத் தீர்ப்புகளில் நிறைய விஷயம் இருக்கிறது.

பிஎம்டபிள்யூ வழக்கு: நடந்தது என்ன?

ஜிவிஆர் இந்தியா ப்ராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் 2009 செப்டம்பர் 25-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்கே நாள். செப்டம்பர் 29-ல் ஓட்டும்போது பெரிய கோளாறு தெரிந்ததாகச் சொல்லி கார் ஒர்க் ஷாப்புக்குப் போனது. நவம்பர் 13-ல் மறுபடியும் அதே மாதிரி பிரச்னை. நவம்பர் 16-ல் அந்த நிறுவனம் போலீசில் மோசடிப் புகார் கொடுத்தது.

வழக்கை ரத்து செய்யச் சொல்லி கார் கம்பெனி நீதிமன்றம் போனது. 2012 மார்ச் 22-ல் அப்போதைய ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் மோசடி வழக்கை ரத்து செய்தது. அதே சமயம், பழைய காருக்குப் பதிலாக புது பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார் கொடுக்கவும் உத்தரவிட்டது. கம்பெனி இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை, கார் தரத் தயார் என்று கடிதமும் எழுதியது. ஆனால் புகார் கொடுத்த தரப்பு, கார் வேண்டாம், பணத்தை வட்டியோடு கொடுங்கள் என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கடைசியில் 2024 ஜூலை 10-ல், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஓனருக்கு 50 லட்சம் ரூபாயை ஆகஸ்ட் 10-க்குள் கொடுத்து எல்லாப் பிரச்னையையும் முடிக்கச் சொன்னது. மோசடி வழக்கை ரத்து செய்தது சரிதான் என்றும் சொல்லிவிட்டது. கார் வாங்கி ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து வந்த முடிவு இது.

போலீஸ் கேஸ் ஏன் நிற்கவில்லை?

கார் பழுதானால் பலருக்கும் முதலில் வரும் கோபம், "சீட்டிங் கேஸ் போடணும்" என்பதுதான். ஆனால் மோசடி என்று நிரூபிக்க, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். தொழிற்சாலையில் இருந்து வந்த கோளாறு வேறு, தெரிந்தே ஏமாற்றுவது வேறு. முதலாவதுக்குச் சட்டம் காட்டும் வழி நுகர்வோர் ஆணையம். அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருக்கிறது, சேவையில் குறைபாடு இருக்கிறது என்று காட்டினால் போதும்.

கம்பெனி பேரில் வாங்கினால் புகார் கொடுக்க முடியாதா?

திண்டுக்கல்லில் இது முக்கியமான கேள்வி. தோல் தொழிற்சாலை, வேடசந்தூர் பக்கம் நூற்பாலை என்று தொழில் செய்பவர்கள் விலை அதிகமான காரை நிறுவனத்தின் பேரில் வாங்குவது உண்டு. பிரச்னை வந்து ஆணையத்துக்குப் போனால், "இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

2024 ஜூலை 9 தீர்ப்பு இதற்குப் பதில் சொன்னது. இயக்குநர்களின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் கார் அது. உட்காரும் பகுதியின் நடுவே அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பது புகார். நிறுவனத்தின் பேரில் வாங்கியதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது என்று நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு சொன்னது. அந்தக் காரை வைத்து நேரடியாக லாபம் சம்பாதிக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். ஓனருக்கு 36 லட்சம் ரூபாய் திரும்பக் கொடுக்க உத்தரவானது.

அப்படின்னா வாடகைக்கு விடும் கார்? அங்கே வணிக நோக்கம் என்ற கேள்வி கட்டாயம் எழும். ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

ஏர்பேக் திறக்கலையா? யார் நிரூபிக்கணும்?

அதே நாளில் முடிவான இன்னொரு மெர்சிடிஸ் வழக்கு ஏர்பேக் பற்றியது. 2006-ல் நடந்த விபத்தில் ஏர்பேக் திறக்கவில்லை என்று ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. எந்த மாதிரி மோதலில் ஏர்பேக் திறக்கும், எதில் திறக்காது என்பதை வாங்குபவருக்கு முழுமையாகச் சொல்லவில்லை என்பதும் அதில் ஒரு பகுதி. ஏர்பேக் குறைபாட்டுக்கு 5 லட்சம், முழுத் தகவல் சொல்லாததற்கு 5 லட்சம் என்று தேசிய ஆணையம் கொடுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதற்கு முன்பே, 2022 ஏப்ரல் 20-ல் ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில் இன்னும் தெளிவான தீர்ப்பு வந்திருந்தது. 2017 நவம்பரில் டெல்லி – பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. ஏர்பேக் திறக்காமல் ஓனருக்குத் தலை, மார்பு, பல் எனக் காயம். முன்பக்கம் போதுமான வேகத்தில் மோதல் விழவில்லை என்றது கம்பெனி. வேகம், விசை என்று இயற்பியல் கணக்குப் போட நுகர்வோர் நிபுணர் இல்லை, முன்பக்கம் மோதினால் ஏர்பேக் திறக்கும் என்று நம்பித்தான் அவர் வாங்குகிறார் என்று சொல்லி கம்பெனியின் மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 3 லட்சம் ரூபாய் இழப்பீடு, வண்டியை மாற்றித் தருதல் என்ற உத்தரவு அப்படியே நின்றது.

ஆனால் ஏர்பேக் திறக்காத எல்லா விபத்தும் கம்பெனியின் தப்பு ஆகிவிடாது. பின்னால் இருந்து இடித்தால், மெதுவான வேகத்தில் மோதினால் முன் ஏர்பேக் திறக்காது. முன்பக்கம் கூடுதலாக மாட்டும் இரும்பு பம்பர் கார்டு, சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்வை மாற்றிவிடலாம். 2017 டிசம்பரிலேயே இந்தக் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான்.

வெயிலுக்கும் ஏர்பேக்குக்கும் என்ன சம்பந்தம்?

உலகின் மிகப் பெரிய கார் பாதுகாப்புப் பிரச்னை டகாட்டா ஏர்பேக். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் ஏர்பேக்கை ஊத வைக்க அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கினால், ஆண்டுகள் போகப்போக அது கெட்டுவிடும். பிறகு சின்ன மோதலில்கூட வெடிப்பு அளவுக்கு மீறி, உலோகக் கூடு சிதறி, ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உயிரைக் காக்க வேண்டிய பொருளே உயிரை எடுத்தது. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது.

இதில் சின்னக் கார், பெரிய கார் என்ற வித்தியாசமே இல்லை. ஹோண்டா, டொயோட்டா முதல் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபெராரி வரை பாதிக்கப்பட்டன. 2023 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 90,000 பழைய பிஎம்டபிள்யூ கார்களை "ஓட்டவே வேண்டாம்" என்று அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. எல்லாம் 2000 முதல் 2006 வரையிலான மாடல்கள்.

திண்டுக்கல் சமவெளியின் வெயிலில், வருஷக்கணக்காகத் திறந்தவெளியில் நிற்கும் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் சொகுசு கார் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். கம்பெனி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் முதல் ஓனரின் முகவரிக்குப் போயிருக்கும், இப்போது ஓட்டுபவருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

அரசே திரும்பப் பெற வைக்க முடியாதா?

முடியும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அந்த அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலில் இருக்கின்றன. தயாரித்தோ இறக்குமதி செய்தோ 7 ஆண்டு முடியாத வாகனங்களுக்கு இது பொருந்தும். கட்டாயமாகத் திரும்பப் பெற வேண்டிய நிலை வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனியே குறையைக் கண்டுபிடித்து அரசுக்குச் சொல்லி, தானாக முன்வந்து சரிசெய்தால் அபராதம் கிடையாது.

சொகுசு கார் ஓனர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு விசாரணையைத் தொடங்க குறிப்பிட்ட அளவு புகார் வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 500 கார் வரை விற்கும் மாடல் என்றால் அந்த அளவு 20 சதவீதம். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஓனர்களில் ஐந்தில் ஒருவர் அதே குறைக்குப் புகார் செய்வது சாதாரண விஷயமா? பலர் ஷோரூமோடு பேசி முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் புகார் அரசின் கணக்கில் ஏறுவதே இல்லை.

பெரிய பணக்காரர்களே பொதுவெளியில் புலம்பும் நிலை இதனால்தான் வருகிறது. 2024 அக்டோபரில் ரேமண்ட் நிறுவனத் தலைவர் கௌதம் சிங்கானியா, தன் புது லம்போர்கினி ரெவுவெல்டோ மும்பை டிரான்ஸ் ஹார்பர் பாலத்தில் மின் அமைப்பு முழுவதும் செயலிழந்து நின்றதாகச் சமூக வலைதளத்தில் புகார் சொன்னார். அதே டிசம்பரில், மும்பை கடற்கரைச் சாலையில் ஒரு லம்போர்கினி தீப்பிடித்து எரியும் வீடியோவையும் அவர் பகிர்ந்தார். அவர் பேசினால் நாடே கேட்கும். சாதாரண ஓனருக்கு அந்த வசதி இல்லை.

திண்டுக்கல்லில் இருப்பவர் எங்கே புகார் கொடுக்கலாம்?

கார் வாங்கியது கோவையிலோ சென்னையிலோ இருக்கலாம். அதற்காக அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்.

• காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை: திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.
• 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை: மாநில ஆணையம். தென் மாவட்டங்களுக்கு மதுரையில் அமர்வு இருக்கிறது.
• 2 கோடிக்கு மேல்: டெல்லியில் உள்ள தேசிய ஆணையம்.

கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, கொடுத்த விலையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. கட்டணமும் குறைவு. 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய், 50 லட்சம் முதல் 1 கோடி வரை 2,000 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

பிரச்னை வந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று ஷோரூம் சொல்வதை நம்பித் தள்ளிப்போட்டால், இந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

கையில் என்னென்ன இருக்கணும்?

• ஜாப் கார்டு: ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொன்ன குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.
• இ-மெயில்: போனில் பேசினாலும், பேசியதை டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து மெயிலில் அனுப்புங்கள்.
• வீடியோ: டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு, கிலோமீட்டர், தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால், அந்த அமைப்பு வேலை செய்யாமல் போகலாம் என்று அர்த்தம்.
• விபத்து நடந்தால்: இன்சூரன்ஸ் சர்வேயர் வரும் முன்பும் பின்பும் போட்டோ எடுங்கள். காரைப் பிரித்துவிட்டால் சாட்சியே போய்விடும். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஆணையமே உத்தரவிடும்.
• 17 இலக்க சேஸிஸ் நம்பர்: கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ இதைக் கொடுத்து, உங்கள் காருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

15 ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

ஆய்வகச் சோதனை தேவையில்லாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அப்படி இல்லை. பிஎம்டபிள்யூ வழக்கு 2009-ல் தொடங்கி 2024-ல்தான் முடிந்தது. மெர்சிடிஸ் ஏர்பேக் வழக்கில் விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே 18 ஆண்டுகள். இந்த ஓனர்களிடம் காத்திருக்கப் பணம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். வங்கிக் கடனில் 40 லட்சம் ரூபாய் காரை வாங்கி மாதத் தவணை கட்டுபவரால் அவ்வளவு காலம் தாங்க முடியுமா?

அவர்களின் காத்திருப்பால் கிடைத்த நன்மை மற்றவர்களுக்கு. நிறுவனத்தின் பேரில் கார் வாங்கியவரும் நுகர்வோர்தான், ஏர்பேக்கின் இயற்பியலை நிரூபிப்பது ஓனரின் வேலை இல்லை என்பதெல்லாம் இப்போது தீர்ந்துபோன கேள்விகள். திண்டுக்கல்லில் நாளை புகார் கொடுக்கப் போகிறவர் அவற்றுக்காக மறுபடியும் போராட வேண்டியதில்லை. முதல் தடவை எச்சரிக்கை விளக்கு எரிந்த நாளிலேயே ஜாப் கார்டு வாங்கி வைத்திருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.