சிறிய துளை, பெரிய முடிவு

நாய்களின் கல்லீரலில் உருவாகும் முதன்மைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ‘ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா’. ஒரே மடலில் அடங்கிய கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றினால், பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அகற்ற இயலாத கட்டிகளுக்கு அமெரிக்காவின் சில கால்நடை மருத்துவ மையங்கள் மாற்றுவழி ஒன்றைக் கையாள்கின்றன. தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குச் செல்லும் ரத்தத்தை அடைக்கின்றனர். கட்டி பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பியிருக்க, நலமான திசு போர்ட்டல் சிரையிலிருந்தே பெருமளவு ரத்தம் பெறுகிறது. எனவே, கட்டி சுருங்கினாலும் கல்லீரல் பிழைக்கிறது.

ஆனால், இச்சிகிச்சை பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்துமே அன்றி வேரறுக்காது. மயக்க மருந்தும் கணிசமான செலவும் இதிலும் உண்டு. சம்மதம் சொல்ல இயலாத உயிருக்காக முடிவெடுப்போர், தழும்பின் அளவையல்ல, வலியின்றிக் கிடைக்கும் நாள்களையே எண்ண வேண்டும். அதை மறைக்காமல் எடுத்துரைப்பது மருத்துவர்களின் கடமை.