துபாஷிக்கு ஓய்வு

அமெரிக்கா தான் கேட்ட கிரே கம்ப்யூட்டரைத் தர மறுத்த ரோஷத்தில் இந்தியா பெற்ற பிள்ளை, பரம். புனே பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ஸி-டாக், 1991-ல் பரம் 8000-ஐ வெளியிட்டபோது அதற்குள் இருந்தவை பிரிட்டனின் இன்மாஸ் தயாரித்த டிரான்ஸ்ப்யூட்டர் சிப்கள். ஒவ்வொன்றும் நான்கு இணைப்புகள் வழியே அண்டை சிப்களுடன் பேசும். 1998-ன் பரம் 10000-ல் அவை இல்லை. சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் வந்துவிட்டது. 2008-ன் பரம் யுவாவில் இன்டெல்.

சிப் போகலாம். அதனுடன் பேச எழுதிய வரிகள் அத்தனை சுலபத்தில் போவதில்லை. எந்த சாஃப்ட்வேர் கூடத்திலும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் துபாஷிக்கு 'டிரைவர்' என்று பெயர். கருவி ஓய்வு பெற்ற பிறகும் துபாஷி சம்பளப் பட்டியலில் நீடிக்கிறார். ஓடுகிற வண்டியில் கை வைப்பானேன் என்ற பயம்.

பயத்தில் நியாயம் உண்டு. கருவியின் ரெஜிஸ்டரிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கிறது ஒரு வரி. படித்ததை எதற்கும் பயன்படுத்துவதில்லை. வெட்டி வேலை என்று புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் அதை நீக்கிவிடுவார். ஆனால் சில கருவிகளில் படிப்பதே ஒரு செய்கை. படித்தால்தான் 'என்னைக் கவனி' என்ற சமிக்ஞை அணையும். வரி போனால் கருவி ஓயாமல் கூப்பிடும், கம்ப்யூட்டர் திணறும். முதலில் எழுதியவர் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். யார் வைக்கிறார்கள்?

சும்மா விட்டு வைத்தாலும் ஆபத்துதான். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. அதன் திசையறியும் கருவியில் ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்த ஒரு பகுதி, கிளம்பிய பின் புதிய ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாதது, ஓடிக்கொண்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்தில் பிறந்த ஓர் எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளவில்லை. கருவி முடங்கியது. சுமார் 40 விநாடிகளில் ராக்கெட்டும் நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களும் சிதறின.

பரம் வந்த அதே 1991-ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 386 கம்ப்யூட்டரில் லினக்ஸை எழுதத் தொடங்கினார். 2012 டிசம்பரில், பிறந்த வீடான அந்த 386-க்கான வரிகளையே லினக்ஸ் நீக்கிவிட்டது. பழைய டிரைவர்களை நீக்கும் முன் அங்கே ஒரு கேள்வி எழும்: இதை இன்னும் யாராவது வைத்திருக்கிறீர்களா? பதில் வராவிட்டால் வெட்டு. பிற்பாடு எவராவது அந்தக் கருவியோடு வந்து நின்றால், பழைய பதிப்பில் துபாஷி பத்திரமாக இருக்கிறார், திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.